கார்ன்மோர் அவர்களின் மரண அறிவித்தல் தொடர்பாக

என் பெயர் வேலுப்பிள்ளை கனகசிங்கம். வயது எழுபத்தொன்று. பிறந்த இடம் திருகோணமலை. தற்போது இருப்பது ரொறன்ரோ, ஸ்காபரோ, டோர்செட் பார்க்கில் உள்ள மாடிக்கட்டிடம் ஒன்றில், பதினோராம் மாடி, 1106ஆம் இலக்க வீடு. முழு முகவரி அலுவலரிடம் இருக்கிறது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்னை அதன் வாசலில் இறக்கிவிட்டதே பொலிஸ் வாகனம்தான். ஊரில் துறைமுகத்தில் களஞ்சியக் காப்பாளராகவும், இங்கே ஒரு பொருட்கிடங்கில் அதே வேலையிலும் இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெறாத வேலை ஒன்றும் உண்டு. அது நினைவு மலர் எழுதுவது. கடலோடிகள் மன்றம் கொடுத்த முறைப்பாடு தொடர்பான இந்த வாக்குமூலம் 2025 ஒக்ரோபர் 22, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் செல்வி துஷானி எழுதுவது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கோப்பி தந்தார்கள். அதில் சீனி போடவில்லை.

நினைவு மலர் என்றால் என்ன என்று அலுவலர் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய படத்தைப் போட்டு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். அவர் எங்கே பிறந்தார், யாருடைய பிள்ளை, எந்தக் கந்தோரில் என்ன வேலை பார்த்தார், யார் யாரைக் கரைசேர்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கிற பிள்ளைகளால் அதை எழுத முடியாது. அதற்கு நான் இருக்கிறேன். இதுவரை இருநூற்றுப் பதினான்கு மலர்கள் எழுதியிருக்கிறேன். இறந்தவர் ஒருவரோடும் பேசாதவராக இருந்தால் ‘அமைதியே உருவானவர்’ என்று எழுதுவேன். எல்லாரோடும் சண்டை பிடித்தவராக இருந்தால் ‘மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர்’ என்று எழுதுவேன். பொய் எழுதுவதில்லை.

1104ஆம் இலக்க வீட்டில் இருப்பவர் ஏஞ்சலா யேட்ஸ். வயது எண்பத்தொன்று. வெள்ளைக்காரப் பெண்மணி, தனியாக இருக்கிறார். பதினாறு வருடங்களாக எங்கள் அயல். என் மனைவி கோணேஸ்வரி அவருக்குத் தோசை கொடுப்பார், அவர் எங்களுக்கு அப்பிள் பை கொடுப்பார், அதை நான் சாப்பிடுவேன். அவருடைய தகப்பன் வில்லியம் யேட்ஸ், கார்ன்மோர் என்ற போர்க்கப்பலில் கொதிகலனுக்குத் தீ மூட்டுகிற வேலை பார்த்தவர். அந்தக் கப்பல் 1943ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆம் தேதி வட அத்திலாந்திக் கடலில் மூழ்கியது. தொண்ணூற்று நான்கு பேர் அதோடு போனார்கள், யேட்சும் அதில் ஒருவர். ஏஞ்சலா அதற்கு அடுத்த ஜனவரியில் பிறந்தார். தகப்பன் மகளைக் காணவில்லை, மகள் தகப்பனைக் காணவில்லை. சமாதியும் இல்லை. ஹலிஃபாக்சில் ஒரு கல்லில் பெயர் இருக்கிறதாம், ஆனால் அவருடைய முழங்கால் அவ்வளவு தூரம் போகாது. அவர் கையால் தொடக்கூடிய தூரத்தில் தகப்பனின் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எல்ஸ்மியர் வீதிப் பக்கமாக உள்ள கடலோடிகள் மன்றத்தின் சுவரில் தொங்குகிற பித்தளைப் பட்டயம் அது. அகர வரிசைப்படி பெயர்கள் இருப்பதால் யேட்ஸ் கடைசியில் வருகிறார்.

ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபரில் அந்தப் பட்டயத்துக்கு முன்னால் ஒரு நினைவு நிகழ்வு நடக்கும். ஏஞ்சலாவின் நடைவண்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு வருடமாக நானும் போகிறேன். சென்ற வருடம் வந்தவர்கள் நான்கு பேர். ஏஞ்சலா, நான், மன்றத்தின் செயலாளர், கழிப்பறை எங்கே என்று கேட்டு உள்ளே வந்த ஒருவர். அதன் பின்னர் இந்த செப்டம்பரில் செயலாளரிடமிருந்து ஏஞ்சலாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இம்முறை வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்துக்குக் குறைந்தால் இனிமேல் நிகழ்வு நடக்காது என்றும், பட்டயம் கழற்றப்பட்டு வேறொரு நகரத்துக் களஞ்சியத்தில் பாதுகாப்பாக வைக்கப்படும் என்றும் அதில் இருந்தது. களஞ்சியத்துக்குள் போன சாமானுக்கு என்ன நடக்கும் என்று ஒரு களஞ்சியக் காப்பாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதத்தை வாசித்து முடித்த ஏஞ்சலா, அப்பாவை இரண்டாந்தரம் கடலில் தாழ்க்கப் போகிறார்கள் என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அதன் பின்னர் ஏஞ்சலா ஒரு பிஸ்கட் பேணியை என்னிடம் கொண்டுவந்து தந்தார். அதற்குள் கப்பல் பற்றிய கடிதங்களும் கடதாசிகளும் இருந்தன. நிகழ்வில் கொடுக்கிற கப்பலின் சேவை வரலாறு 1987ஆம் ஆண்டிலிருந்து ஒரே ஒற்றைத் தாள்தான், நீங்கள் எழுதுகிறவர், புதிதாக ஒன்று எழுதித் தாருங்கள், நன்றாக இருந்தால் நாலு பேர் கூட வரக்கூடும் என்று கேட்டார். நான் சம்மதித்தேன். மூன்று கிழமை எழுதினேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான், அந்த முறையிலேயே எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு, தமிழில் இரண்டு, கடைசியில் தொண்ணூற்று நான்கு பெயரும்.

அதில் நான் எழுதியதன் சுருக்கம் இது. கார்ன்மோர் அவர்கள் ஸ்கொட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் எட்டுச் சகோதரிகளில் மூன்றாமவராகப் பிறந்தார். எண்மரும் ஒரே அச்சு. முதலில் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றி, 1934இல் கொதிகலனில் சுகவீனமுற்றுத் திருகோணமலையில் ஐந்து மாதம் தங்கிச் சுகமடைந்தார். பின்னர் கனடாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு ஹலிஃபாக்சைப் புகுந்த வீடாகக் கொண்டார். அங்கே வந்த முதற்கிழமையிலேயே இறங்குதுறைத் தூண் ஒன்றை இடித்து விழுத்தினார். அதை ‘எதிலும் முன்னுக்கு நிற்பவர்’ என்று எழுதினேன். யுத்தம் தொடங்கியதும் முப்பத்தொரு தடவை வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் போய் அவற்றைக் கரைசேர்த்தார். நான் இருநூற்றுப் பதினான்கு பேருக்குக் கரைசேர்த்தார் என்று எழுதியிருக்கிறேன், உண்மையிலேயே கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர் ஒருவர்தான். எரிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலிலிருந்து அறுபத்தொரு பேரைத் தூக்கி எடுத்தார். 1943 ஒக்ரோபர் 19 அதிகாலை அவர்மீது டோர்பிடோ பட்டது. ஒன்பது நிமிடத்தில் மூழ்கினார். கொதிகலன் அறை கப்பலின் அடியில் இருப்பதால் அங்கிருந்து ஒருவரும் மேலே வரவில்லை.

அந்த ஒன்பது நிமிடத்தை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கப்பலுக்குச் செத்தவீடு செய்யிற முதல் ஆள் நீங்கள்தான்” என்றார். பிறகு மேசையில் இருந்த தாளை வாசித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான் அதை இன்னும் குடித்திருக்கவில்லை.

அதன் பின்னர் ஒக்ரோபர் 14, செவ்வாய்க்கிழமை, நான் தமிழ் வானொலி ஒன்றுக்கு நிகழ்வு பற்றிய அறிவித்தல் கொடுத்தேன். வானொலிகளில் ஒரே ஒரு படிவம்தான் இருக்கிறது. அதுதான் மரண அறிவித்தல் படிவம். பெயர், பிறப்பிடம், வதிவிடம், பிறந்த தேதி, மறைந்த தேதி, சகோதரங்கள், அடக்கம், நிகழ்வு நடக்கும் மண்டபம், தொடர்புக்குத் தொலைபேசி இலக்கம். ‘இறந்தது மனிதரா கப்பலா’ என்று ஒரு கட்டம் அதில் இல்லை. நான் இருந்த கட்டங்களை நிரப்பினேன். பிறந்த தேதியை வெறுமையாக விட்டேன், ஏனென்றால் கப்பல் கட்டத் தொடங்கிய நாளா, தண்ணீரில் இறக்கிய நாளா, கடற்படையில் சேர்ந்த நாளா, எது பிறந்த நாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. மறைவு என்ற இடத்தில் 1943 என்றும், மேலே 82ஆம் ஆண்டு நினைவு என்றும் எழுதினேன். அடக்கம் என்ற இடத்தில் வட அத்திலாந்திக் கடல் என்று எழுதினேன்.

கப்பல் என்ற சொல்லை ஏன் எங்குமே எழுதவில்லை என்று அலுவலர் கேட்கிறார். பெயருக்கு முன்னால் போடத்தான் நினைத்தேன். அந்த வகைப் போர்க்கப்பலுக்குத் தமிழில் நாசகாரி என்று பெயர். காலமான ஒருவரை நாசகாரி கார்ன்மோர் அவர்கள் என்று ஊர் முழுக்க வாசிக்க விடுவது பண்பில்லை என்று பட்டது. வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் வேறொன்றைப் போட மறந்துவிட்டேன். இது என் முதற் பிழை.

வானொலியில் படிவங்களைப் பார்க்கும் பிள்ளையின் பெயர் துவாரகா. கனடாவில் பிறந்தவர், நல்ல பிள்ளை, குரலும் நல்லது. அவரில் பிழையே இல்லை. 1943 என்றும் 82 என்றும் கண்டதும், அங்கிள் கட்டம் மாறி எழுதிவிட்டார் என்று நினைத்து எனக்காகத் திருத்தியிருக்கிறார். அதன் பின்னர் 16ஆம் தேதி, வியாழக்கிழமை காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு, சோக இசையோடு, பின்வருமாறு வாசிக்கப்பட்டது. “ஸ்கொட்லாந்தைப் பிறப்பிடமாகவும், திருகோணமலை, ஹலிஃபாக்ஸ் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட கார்ன்மோர் அவர்கள் தமது எண்பத்திரண்டாவது வயதில் அமைதியாக இறைபதம் எய்தினார். அன்னார் எழுவரின் பாசமிகு சகோதரியும், பலரைக் கரைசேர்த்தவரும் ஆவார். அன்னாரின் அஸ்தி வட அத்திலாந்திக் கடலில் கரைக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.” மண்டபமும் நேரமும் என் தொலைபேசி இலக்கமும் மட்டும் பிழையில்லாமல் வாசிக்கப்பட்டன. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கழுவாமலே வானொலிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். எடுத்த கையிலேயே அது அடித்தது.

அழைத்தவர் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் யூஜினி. ஊரில் எனக்குத் தெரிந்த குடும்பம்தான். அழுதுகொண்டே பேசினார்.

“அண்ணை, கார்ன்மோர் ரீச்சரோ போயிட்டா? எங்களுக்குக் கொன்வென்டில இங்கிலீஷ் படிப்பிச்சவவல்லோ. வெள்ளைக்கார மனிசி, மிஷன்காரரின்ர மகள்.”

இல்லை பிள்ளை, அது கப்பல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “கார் விட இடமிருக்கோ அண்ணை? நாங்கள் அஞ்சு பேர் வாறம்” என்றார்.

நான், “இடமிருக்கு” என்றேன். அது உண்மை. மன்றத்தில் நாற்பத்திரண்டு கார் விடலாம். அதன் பின்னர் தொலைபேசியை வைத்துவிட்டு, சுவர்க் கலண்டரில் ஐந்து என்று எழுதினேன். வானொலிக்கு நான் சொல்லவில்லை. இதுதான் என் இரண்டாவது பிழை, இதைத் தெரிந்தே செய்தேன். அலுவலர் இதை அடிக்கோடிட வேண்டுமானால் அடிக்கோடிடலாம்.

அன்று மாலைக்குள் கலண்டரில் நாற்பதைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை தொண்ணூறு. அழைத்தவர்களில் ஒன்பது பேர் கார்ன்மோர் ரீச்சரிடம் படித்தவர்கள். ஒருவர், அவர் அடிமட்டத்தால் அடிப்பார் என்றார். இன்னொருவர், அவர் ஒரு பிள்ளையிலும் கை வைத்ததில்லை என்றார். மூன்றாமவர், இரண்டு பேர் சொல்வதும் சரி என்றார். நான் யாருக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி குசினிக்குள் இருந்து, “உது பொய்யல்லோ?” என்று கேட்டார். “நான் ஒண்டும் சொல்லேல்லையே” என்றேன். “உதுதான் பொய்” என்றார். பிறகு நாற்பது பேருக்கென்று சொல்லியிருந்த சாப்பாட்டை நூற்றைம்பதாக்கச் சொல்லி அவரே கடைக்கு அழைத்தார்.

ஏஞ்சலாவுக்கு இதில் எதுவும் தெரியாது. கொஞ்சம் கூட ஆட்கள் வருவார்கள் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் சனிக்கிழமை தலைமயிர் வெட்டிச் சுருட்டப் போய்வந்தார்.

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிகழ்வு காலை பதினொரு மணிக்கு. நானும் மனைவியும் ஏஞ்சலாவும் பத்தேகாலுக்குப் போனபோதே மன்றத்துக் கார் தரிப்பிடம் நிறைந்து வீதியில் வரிசை நின்றது. வெள்ளைச் சேலைகள், கறுப்புக் கோட்டுகள், மலர்வளையங்கள். உள்ளே இருபது கதிரையும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வைக்கப்பட்டிருந்தன. செயலாளர் பதக்கங்கள் குத்திய கோட்டோடு வாசலில் நின்றார். நாடு கடைசியில் தன் கடற்படையை நினைத்துப் பார்த்துவிட்டது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை.

உள்ளே வந்தவர்கள் என்னைத் தேடி வந்து காதுக்குள், “பெட்டி எங்கை அண்ணை?” என்று கேட்டார்கள். “பெட்டி இல்லை” என்றேன். ஏற்கெனவே எரித்துவிட்டார்கள் என்று அவர்களே விளங்கிக்கொண்டு பட்டயத்துக்கு முன்னால் பூவை வைத்தார்கள். ஏஞ்சலாதான் ரீச்சரின் சகோதரி என்று முடிவுசெய்து ஒவ்வொருவராக அவருடைய கையைப் பிடித்தார்கள். அஜக்ஸிலிருந்து அருள்நாயகம் வந்திருந்தார். ரொறன்ரோவில் அவர் தேவாரம் பாடாத செத்தவீடு குறைவு. அவர் ஒரு தூபக்காலில் சாம்பிராணியைப் போட்டுப் பட்டயத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார். மண்டபங்களில் புகை கூடாது என்பது எனக்குத் தெரியும். பட்டயத்துக்கு மேலே புகையைக் கண்டால் மணி அடிக்கிற வட்டக் கருவி இருந்ததையும் கண்டேன். நான் தடுக்கவில்லை. எண்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர்களுக்குச் சாம்பிராணி போடுகிறார்கள், அதைப் போய் எப்படி அணைக்கச் சொல்வது.

அதன் பின்னர் யூஜினி ஒலிவாங்கியை எடுத்து ஆங்கிலத்தில் பேசினார். கார்ன்மோர் மிகவும் கண்டிப்பானவர், ஆனால் எங்களில் எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவர், தான் தாழ்ந்தாலும் பிறரைத் தாழ விடாதவர் என்றார். செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏஞ்சலா அழுதார். அதன் பின்னர் யூஜினி, ஐந்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாததற்குக் கார்ன்மோர் தன்னை வகுப்பறை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினார் என்று சொன்னார். செயலாளர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

ஏஞ்சலா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருட அயல். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒலிவாங்கியை வாங்கினார். சுவர் மணிக்கூட்டில் அப்போது பதினொன்று ஐம்பது. அலுவலர் இந்த நேரத்தைக் கவனமாக எழுத வேண்டும். கார்ன்மோர் ஒரு கப்பல், அது எண்பத்திரண்டு வருடத்துக்கு முன்னர் மூழ்கியது, அதில் என் அப்பா இருந்தார், உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் போகலாம் என்றார். நான் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை, மூன்று நாளாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாற்பது கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பின்னர் யூஜினி, “அப்ப எங்களுக்குப் படிப்பிச்சது ஆர்?” என்று கேட்டார். அதற்கு இன்றுவரை யாருக்கும் பதில் தெரியாது.

பின்வரிசையில் சிலர் எழும்பினார்கள். ஒருவர் புறப்படுவதற்குக் கார்த் திறப்பைக் கையில் எடுத்தார். அப்போது மரியம்மா எழும்பி நின்றார். எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருப்பவர், ஊரில் கடற்தொழில் செய்த குடும்பம். திருகோணமலை என்ற சொல் வருகிற எந்த மரண அறிவித்தலுக்கும் வந்துவிடுவார். அவருடைய கணவர் 1990இல் கடலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவர் ஒலிவாங்கி இல்லாமலே பேசினார்.

“என்ர மனிசனுக்கும் பெட்டி வரேல்லை. அந்தப் பெடியளின்ர பேரை வாசியுங்கோ. பேரை வாசிக்காமல் எங்கை போறியள்?”

கார்த் திறப்பை எடுத்தவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். வேறு சிலரும் இருந்தார்கள். இருக்க இடமில்லாதவர்கள் நின்றார்கள்.

அதுவரை அந்த நிகழ்வில் பெயர்களை வாசிக்கிற வழக்கம் இருக்கவில்லை. ‘தொண்ணூற்று நான்கு வீரர்கள்’ என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அது பழக்கமில்லை. நான் என் நான்கு பக்கத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் வந்து பட்டயத்தின் கீழே ஒரு பூ வைத்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அறுபத்தோராவது பெயரில் புகைமணி அடித்தது.

அதன் பின்னர் எல்லாரும் வெளியே கார் தரிப்பிடத்துக்குப் போனோம். தீயணைப்பு வாகனம் வந்தது. அது வரவேண்டிய வழியில் அருள்நாயகத்தின் வான் நின்றது. அதை அவர் எடுக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது, ஏனென்றால் அதற்குப் பின்னால் வேறு ஏழு கார் நின்றன. தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் உள்ளே ஓடிப்போய்த் தூபக்காலைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய தலைவர், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். இன்னும் முப்பத்து மூன்று பெயர் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அவர் யாருடைய பெயர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். மற்ற ஐவரும் கழற்றினார்கள்.

கார் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு மிச்சப் பெயர்களை வாசித்தேன். காற்று அடித்தது, தாள் நிற்கவில்லை. எண்பத்தெட்டாவது பெயரோடு என் தொண்டை போய்விட்டது. செயலாளர் வந்து என் கையிலிருந்து தாளை வாங்கி, மிச்சம் ஆறு பெயரையும் அவர் வாசித்தார். இந்த முறைப்பாட்டில் கையெழுத்து வைத்திருக்கும் அதே செயலாளர்தான். நல்ல மனிதர். மன்றக் குழு சொன்னதால் முறைப்பாடு கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். கடைசியாக அவர், வில்லியம் யேட்ஸ் என்று வாசித்தார். ஏஞ்சலா பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் செய்வதுபோலக் கையை உயர்த்தினார். யூஜினி அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழாதவர்கள் யார் யார் என்று என்னால் சொல்ல முடியாது, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

அதன் பின்னர் செயலாளர் பதிவேட்டை ஒரு காரின் முன்பக்கத்தில் விரித்துவைத்தார். அதற்குள் வந்துவிட்ட பொலிஸ் அலுவலர்கள் என்னைத் தங்கள் வாகனத்துக்குள் இருத்தி விசாரித்ததால் எனக்கு அதில் கையெழுத்து வைக்க முடியவில்லை. கண்ணாடியூடாகப் பார்த்தேன். வரிசை வீதிவரை நின்றது. சாப்பாடு பத்தாமல் போனது, பாதிப் பாதியாகப் பகிர்ந்து சாப்பிட்டார்கள் என்று மனைவி பிறகு சொன்னார்.

இப்போது மன்றக் குழு, பொய்யான அறிவித்தலால் கூட்டப்பட்டவர்களின் கையெழுத்துச் செல்லாது என்றும், வருகை பூச்சியம் என்றும் சொல்கிறது. அது பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் வாய் திறக்காதது நான். சாம்பிராணியைத் தடுக்காதது நான். வான் அருள்நாயகத்துடையது, ஆனால் அங்கே விடச் சொன்னது நான். அதற்கு என்ன தண்டனையோ தாருங்கள். ஆனால் ஏஞ்சலா உண்மையைச் சொன்னது பதினொன்று ஐம்பதுக்கு. பதிவேட்டின் முதற் பக்கத்தில் செயலாளர் தன் கையால் எழுதிய நேரம் பன்னிரண்டு நாற்பது. உள்ளே வரும்போது அவர்கள் ரீச்சருக்காக வந்திருக்கலாம். கையெழுத்து வைக்கும்போது கப்பல் என்று தெரிந்தே வைத்தார்கள். அலுவலர் காட்டிய பிரதியில் நான் எண்ணினேன், இருநூற்று எண்பத்தெட்டு.

அந்தப் பதிவேட்டில் உறவுமுறை என்று ஒரு நிரல் இருக்கிறது. ஏஞ்சலா ஒருவர்தான் வருடா வருடம் அதில் ‘மகள்’ என்று எழுதுவார், மற்ற இடமெல்லாம் வெறுமை. இம்முறை ஒரு இடமும் வெறுமையாக இல்லை. எங்கள் ஆட்கள் கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் விடமாட்டார்கள். ‘ஊரவர்’ என்று எழுபது பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் ஆறு பேரும் ‘நண்பர்’ என்று எழுதியிருக்கிறார்கள். யூஜினி எல்லாம் தெரிந்த பிறகும் ‘மாணவி’ என்று எழுதியிருக்கிறார், அதற்கு நான் பொறுப்பில்லை. மரியம்மா ‘எங்கட ஆக்கள்’ என்று எழுதியிருக்கிறார். ஏஞ்சலா எல்லாருடைய கையையும் பிடித்து முடித்த பிறகு கடைசியாக, இருநூற்று எண்பத்தெட்டாவதாக, ‘மகள்’ என்று எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் செல்வி துஷானி எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார். மரியம்மாவின் இடத்தில் சற்று நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். எழுதியிருப்பது நான் சொன்னதுதான், நான் சொன்னது நடந்ததுதான், கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை என்று உறுதி கூறி ஒப்பமிடுகிறேன். பதிவேட்டில் என் கையெழுத்து விடுபட்டுவிட்டதால் இதையே அதற்கும் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். இந்தப் படிவத்தில் உறவுமுறைக்கு இடம் விடவில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்) வே. கனகசிங்கம்
உறவுமுறை: அயலவர்